குச்சி விழுந்த பிறகு வந்த சத்தம்

திருவனந்தபுரத்து ஸ்டுடியோக்களில் கல்யாண வீடியோவும் குறும்படமும் வெட்டிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

மக்களே,

உங்களில் பாதிப்பேர் காலையில் களியக்காவிளை தாண்டி பஸ்ஸில் வருகிறீர்கள். சிலர் நாகர்கோவில் பாசஞ்சரில் வந்து தம்பானூரில் இறங்குகிறீர்கள். கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெருப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. வீட்டில் தமிழ், ஸ்டுடியோவில் மலையாளம், சாஃப்ட்வேரில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் ஒரு நாளை ஓட்டுகிறவர்கள். இந்தக் கடிதம் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். தனித்தனியாகப் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. "அண்ணே, டைம்லைன் ஸ்டக் ஆகுது. புது சிஸ்டம் வாங்கணுமா?" வாரத்துக்கு இரண்டு பேராவது இதையே கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் கல்யாண மண்டபங்களுக்குள் நுழைந்த புதிது. வலியசாலை அக்ரகாரத்து வீட்டுக் கல்யாணம் ஒன்று. நாதஸ்வரக் கச்சேரியை நன்றாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தனியாக ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தோம். கேமராவின் சொந்த மைக்கில் தவில் சத்தம் பிளந்துபோய்க் கிடந்ததால், அலைவடிவத்தைப் பார்த்து ஒலியைப் பொருத்த வழியில்லை. கண்ணால்தான் பொருத்தினேன். தவில்காரரின் இடக்கைக் குச்சி தோலில் விழும் ஃபிரேமைப் பார்ப்பது, சத்தத்தை நகர்த்துவது, ஓடவிடுவது, மறுபடி நகர்த்துவது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று எழுந்தேன்.

கல்யாணப் பெண்ணின் தாத்தா அதைத் தன் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார். கெட்டிமேளம் வந்தது. அவர் என்னைப் பார்த்துக் கோபமில்லாமல்தான் கேட்டார்: "குச்சி விழுந்து அப்புறமால்ல சத்தம் வருது, தம்பி?"

வந்தது. ஐந்து ஃபிரேம் பிந்தி வந்தது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஐந்து ஃபிரேம் என்பது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. நான் வெட்டிய கம்ப்யூட்டரில் படம் திணறி ஓடிக்கொண்டிருந்தது. ஒலி தன் நேரத்தில் போய்விடும். படம் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அந்தப் பிந்திய படத்தோடு ஒலியைப் பொருத்தியதால் நானும் ஒலியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். எக்ஸ்போர்ட் செய்தபோது படம் தன் சரியான இடத்துக்குப் போய்விட்டது, ஒலி நான் தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டது. எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று ஊர் பேசியிருக்கும். உண்மையில் என் மானிட்டர் பொய் சொல்லியிருந்தது.

அன்றிலிருந்து திணறாத பிளேபேக்கை நான் வசதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தையற்காரனுக்கு டேப் எப்படியோ, நமக்கு அது அப்படி. டேப் சுருங்கி நீண்டுகொண்டிருந்தால் சட்டை என்ன ஆகும்?

கட் எங்கே விழ வேண்டும் என்பதை மூளையை விடக் கைதான் அதிகம் முடிவு செய்கிறது. வால்ட்டர் மர்ச் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' (1996) படத்தை ஏவிட் சாஃப்ட்வேரில் வெட்டி ஆஸ்கார் வாங்கினார். டிஜிட்டலில் தொகுத்த படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 'இன் த பிளிங்க் ஆஃப் ஆன் ஐ' என்ற தன் சிறு புத்தகத்தில் தன் வழக்கத்தைச் சொல்கிறார். ஷாட்டை ஓடவிடுவார். இங்கே வெட்டலாம் என்று உடம்பு சொல்லும் கணத்தில் நிறுத்துவார். எந்த ஃபிரேம் என்று குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு மறுபடி நிறுத்துவார். இரண்டு முறையும் கை ஒரே ஃபிரேமில் நின்றால் அங்கே வெட்டு. நீங்கள் ஒருநாள் செய்து பாருங்கள். திக்கித் திக்கி ஓடும் டைம்லைனில் ஆயுசுக்கும் இரண்டு முறை ஒரே ஃபிரேமில் நிறுத்த முடியாது. பிறகு "எனக்கு டைமிங் வரமாட்டேங்குது அண்ணே" என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். உங்கள் டைமிங் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் உதவியாளனாகத் தொழிலுக்கு வந்தபோது எடிட்டிங் அறையில் இருந்தது ஸ்டீன்பெக். ஜெர்மானிய மேசை. தட்டுகள் சுழலும், பிலிம் பல்சக்கரத்தில் மாட்டி ஓடும். ஒலி தனி மேக்னெடிக் பிலிமில், பக்கத்துத் தட்டில். இரண்டும் ஒரே பல்லில் கட்டுண்டவை. படம் நின்றால் ஒலியும் நிற்கும். அதில் திக்கல் என்ற பேச்சே கிடையாது. தேடல்தான் உண்டு. ஒரு துண்டு பிலிமைக் காணவில்லை என்று கூடைக்குள் தலையை விட்டு அரை நாள் தேடியிருக்கிறேன். அது வேறு நரகம்.

அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று உங்களுக்கு இன்றைக்கும் உதவும். எடிட்டர் நெகட்டிவைத் தொடவே மாட்டார். நெகட்டிவிலிருந்து ஒரு சாதாரணப் பிரதி போடுவார்கள். அதற்கு ரஷ் பிரிண்ட் என்று பெயர். கீறல் விழும், கிரீஸ் பென்சிலில் கோடு போடுவோம், ஒட்டுவோம், பிரிப்போம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். கடைசியில் படம் முடிவானதும், பிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து, அதே இடத்தில் நெகட்டிவை வெட்டுவார்கள். நம் ஊரிலிருந்து வேலை செய்த பீனா பால் ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்' (1986) படத்தைத் தொகுத்தது டிஜிட்டல் எட்டிப் பார்க்காத அந்த பிலிம் காலத்தில்தான்.

இப்போது உங்கள் சாஃப்ட்வேரில் 'பிராக்ஸி' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது இந்த ரஷ் பிரிண்டுதான். கேமரா ஃபைல்தான் நெகட்டிவ். ஃபைல் பெயரும் டைம்கோடும் ஓரத்து எண். இது தெரிந்தால் இரண்டு விஷயம் தானாகப் புரியும். பிராக்ஸி என்பது காசில்லாதவன் செய்யும் சமாளிப்பு அல்ல; நூறு வருடச் சினிமா முழுக்க அப்படித்தான் வெட்டப்பட்டது. அப்புறம், கேமரா ஃபைல்களின் பெயரை இஷ்டத்துக்கு மாற்றினால் ஓரத்து எண்ணை அழித்த மாதிரி. 'மணப்பெண்_மேக்கப்_சூப்பர்' என்று பெயர் வைக்கும் ஆட்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

ஏன் திக்குகிறது என்பதற்கு வருவோம். மினி டிவி (MiniDV) டேப் காலத்தை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பெண்டியம் 4 மெஷின், இன்றைய ஆயிரம் ரூபாய்ப் பழைய போனைவிட மெதுவானது. அதில் டேப்பிலிருந்து ஏற்றிய படம் வெண்ணெய் மாதிரி ஓடியது. பிறகு 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. கம்ப்யூட்டர்கள் பல மடங்கு வேகமாகியிருந்தன, ஆனால் படம் நொண்டியது. மெஷின் நல்லதாகி, ஓட்டம் கெட்டது. என்றால் கோளாறு எங்கே?

ஃபைலில். டேப்பில் வந்த டிவி (DV) வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். 5டி கொடுத்தது எச்.264. அதில் முழுப்படம் எப்போதாவது ஒன்றுதான். மற்றதெல்லாம் "முந்தியதில் இந்த இடம் மட்டும் மாறியது" என்ற குறிப்புகள். அந்தாதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின பாட்டின் முடிவு கையில் இல்லாமல் அடுத்த பாட்டின் தொடக்கம் வராது. பத்தாவது பாட்டு வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் முதல் பாட்டிலிருந்து மனத்துக்குள் ஓதிக்கொண்டு வர வேண்டும். போதாக்குறைக்கு, சில குறிப்புகள் பின்னால் வரப்போகும் பாட்டையும் பார்த்துவிட்டு வரச் சொல்லும். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவை தனிப்பாடல் திரட்டு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கேயே முழுப்பாட்டு.

படம் பார்க்கிறவருக்கு அந்தாதி வசதி. முதலிலிருந்து கடைசிவரை நேராகப் பார்ப்பார், ஃபைல் சின்னது, போன் பாக்கெட்டில் அடங்கும். நாம் நேராகப் பார்க்கிறவர்களா? முன்னும் பின்னும் தாவுகிறோம், நிறுத்துகிறோம், ஐந்து வினாடிக்கு ஒரு முறை வேறு ஷாட்டுக்குப் போகிறோம். ஒவ்வொரு தாவலிலும் கம்ப்யூட்டர் ஒரு முதல் பாட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. அதற்குக் கிடைக்கும் நேரம், 25 ஃபிரேம் கணக்கில், ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிவினாடி. அதற்குள் டிஸ்கிலிருந்து எடுத்து, விரித்து, கலர் போட்டு, மானிட்டருக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் அந்த ஃபிரேமை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். அந்த விடுதல்தான் உங்களுக்குத் திக்கலாகத் தெரிகிறது.

ஆகவே கடைக்காரரிடம் போகும் முன்னால், மெஷினை நாமே விசாரித்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஒரு கிளிப்பை மட்டும், கலர், எஃபெக்ட் எதுவும் இல்லாமல் டைம்லைனில் போடுங்கள். 'எல்' அழுத்தி முன்னே ஓட்டுங்கள். பிறகு 'ஜே' அழுத்திப் பின்னே ஓட்டுங்கள். முன்னே நன்றாக ஓடிப் பின்னே ஓடும்போது மட்டும் நொண்டினால், பிடிபட்டான் திருடன்: அந்தாதி ஃபைல். முன்னேயே நொண்டினால் அதே கிளிப்பை எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்து உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்குக் காப்பி பண்ணி மறுபடி ஓட்டுங்கள். இப்போது ஓடுகிறதா? டிஸ்கோ கேபிளோதான் குற்றவாளி. யுஎஸ்பி 3 டிஸ்கை, மேசைக்கடியில் கைக்கு எட்டியது என்று பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டு அழுத ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினம் கண்ணாடியில் பார்க்கிறேன். இந்த இரண்டிலும் ஓடி, கலரும் எஃபெக்டும் போட்ட பிறகுதான் நொண்டுகிறது என்றால் மட்டுமே கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படலாம். ரிசால்வ் சாஃப்ட்வேரில் ஷிஃப்ட் டி அழுத்தினால் கலர் எல்லாம் சற்று நேரம் விலகி நிற்கும். பிரீமியரில் புரோகிராம் மானிட்டருக்குக் கீழே எஃபெக்ட் அணைக்கும் பட்டனைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம்.

கண்ணை நம்பவும் வேண்டாம். ரிசால்வில் வியூவருக்கு மேலே ஒரு சின்னப் புள்ளியும் எண்ணும் இருக்கும். பச்சை என்றால் முழு வேகம், சிவப்பு என்றால் ஃபிரேம் விழுகிறது. பிரீமியரில் மானிட்டரின் ரெஞ்ச் குறியில் போனால் விடுபட்ட ஃபிரேமைக் காட்டும் விளக்கை ஏற்றிவைக்கலாம். பச்சை மஞ்சளானால் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அது இருந்திருந்தால் நான் அந்தத் தாத்தா முன்னால் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் கதையைச் சொல்லியாக வேண்டும். அவன் பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். சோனி கேமரா வாங்கியிருந்தான். கல்யாணங்களை 4கேயில், எச்.265இல், 10 பிட், 4:2:2 அமைப்பில் எடுப்பான். நிறத்தை அதிகமாகச் சேமிக்கும் அமைப்பு, கலர் பண்ண அருமையாக இருக்கும். டைம்லைன் மட்டும் அசையவில்லை. கடையில் கேட்டான். "கார்டு பத்தாது" என்றார்கள். தவணையில் பெரிய என்விடியா கார்டு போட்டான். வீட்டுக்கு வந்து ஸ்பேஸ் பார் தட்டினான். அதே நொண்டல்.

நான் போய்ப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பிராசஸர் நூறு சதவீதத்தில் கொதிக்கிறது. புதுக் கார்டில் 'வீடியோ டீகோட்' என்ற கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வேலைக்காரன் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறான். காரணம் இது: 4:2:2 ஃபைலை விரிக்கும் சிப் அந்தத் தலைமுறை என்விடியா கார்டுகளில் கிடையாது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பிராசஸர்களுக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸே இந்த எச்.265 ஃபைலை விரித்துவிடும். 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பும் விரிக்கும். "உன்னுடையது இன்டெல் 12ஆம் தலைமுறைதானே, பயாஸில் அதை ஆன் பண்ணிவிட்டால் போதும்" என்று நம்பிக்கையோடு பெட்டியைத் தேடி எடுத்தேன். பிராசஸர் எண்ணின் கடைசியில் ஒரு 'எஃப்' இருந்தது. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லாதது. கொஞ்சம் விலை குறைவு என்று அதை வாங்கியிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அன்று ராத்திரியே பிராக்ஸி போட்டோம். மறுநாள் காலையில் அவனுடைய பழைய லேப்டாப்பிலும்கூட அந்தக் கல்யாணம் ஓடியது. அந்தக் கார்டு தண்டமாகிவிடவில்லை. கலர் பண்ணும்போதும் நாய்ஸ் குறைக்கும்போதும் கை கொடுக்கிறது. ஆனால் அவன் வாங்கிய காரணத்துக்கு அது மருந்தல்ல. இனி கேமரா வாங்கும் முன் அதன் ஃபைல் வகையை எழுதிக்கொள்ளுங்கள்: எச்.264ஆ 265ஆ, 8 பிட்டா 10 பிட்டா, 4:2:0வா 4:2:2வா. கம்ப்யூட்டர் கடையில் அந்தச் சீட்டை நீட்டி, "இதை எது விரிக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் மவுஸ் பேட் மட்டும் வாங்கலாம். சாஃப்ட்வேருக்கும் இதே கேள்விதான். ரிசால்வின் இலவசப் பதிப்பும் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பும் எல்லா ஃபைலையும் ஒரே மாதிரி கையாளுவதில்லை.

பிராக்ஸி போடும் விதம் பெரிய வித்தை இல்லை. பிரீமியரில் கிளிப்களைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் பிராக்ஸி. ரிசால்வ் 18இலிருந்து பிராக்ஸி ஜெனரேட்டர் என்று தனியாகவே ஒரு செயலி வருகிறது. ஃபோல்டரைக் காட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். அளவு 1080 போதும், லேப்டாப் நோஞ்சான் என்றால் 720. மேக் என்றால் புரோரெஸ் பிராக்ஸி, விண்டோஸ் ரிசால்வ் என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி. எச்.264இல் பிராக்ஸி போடாதீர்கள். சின்ன அந்தாதி ஆனாலும் அந்தாதி அந்தாதிதான்.

இடம் போதுமா என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 4கே ஃபுட்டேஜை அப்படியே புரோரெஸ் 422க்கு மாற்றினால் 25 ஃபிரேமில் வினாடிக்குச் சுமார் 61 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 220 ஜிபிக்கு மேல். இரண்டு கேமராவை மல்டிகேமில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால் வினாடிக்கு 120 எம்பி தாண்டும், சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அங்கேயே படுத்துவிடும். அதே படம் 1080 புரோரெஸ் பிராக்ஸியில் வினாடிக்கு ஐந்து எம்பிகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி. மூன்று கேமராவில் எடுத்த மின்னுகெட்டு, தாலிகெட்டுக் கல்யாணங்களைப் பழைய டிஸ்கிலேயே ஓட்டலாம். டெலிவரி முடிந்ததும் பிராக்ஸியை அழித்துவிடுங்கள். ரஷ் பிரிண்டை யாரும் பெட்டகத்தில் வைத்ததில்லை.

ரிசால்வில் எக்ஸ்போர்ட் பக்கத்தில் பிராக்ஸியைப் பயன்படுத்தும் டிக் விழுந்திருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியர் தானாகவே மூலத்துக்குப் போய்விடும். அதில் வேறொரு வம்பு உண்டு: கேமரா ஃபைலில் நான்கு ஒலித்தடம் இருந்து பிராக்ஸியில் இரண்டு வந்தால் சேராது என்று முரண்டு பிடிக்கும்.

மற்றதெல்லாம் சில்லறை, ஆனால் சில்லறைதான் மாதக் கடைசியில் உதவும். பிளேபேக் ரெசல்யூஷனைப் பாதியோ கால்வாசியோ ஆக்குங்கள். 4கேயில் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். உங்கள் வியூவர் சன்னல் ஒரு புத்தக அட்டை அளவு. அதற்கு எதற்கு அத்தனை? கேஷ் ஃபைல்களை உள்ளிருக்கும் வேகமான எஸ்எஸ்டியில் வையுங்கள், கேமரா கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராக வெட்டாதீர்கள். நாய்ஸ் குறைப்பு, ஸ்லோமோஷனுக்கான ஆப்டிகல் ஃப்ளோ இரண்டும் கடைசி நாள் வேலை. அவை ஒரு ஃபிரேமைச் செய்ய அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் இழுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவை. முதல் நாளே போட்டுவிட்டு "கனமா இருக்கு" என்றால் இருக்கத்தான் செய்யும். அவசரமாக வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் கேஷ் ரெண்டர் செய்யுங்கள்.

இன்னொரு திக்கல் இருக்கிறது. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்லை. தம்பானூர் கைரளி தியேட்டரில் ஒரு குறும்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா கடலோரத்தில் மெல்லத் திரும்புகிறது, படம் நடுங்கி நடுங்கித் திரும்புகிறது. பக்கத்து இருக்கைப் பையன் புரொஜெக்டரைத் திட்டினான். புரொஜெக்டர் என்ன செய்யும், பாவம்? போனில் 30 ஃபிரேமில் எடுத்ததை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டிருக்கிறார்கள். ஆறுக்கு ஒன்று என்று ஃபிரேம் கழன்று விழுகிறது. எவ்வளவு பெரிய மெஷின் வாங்கினாலும் இது போகாது. போன்கள் இன்னொரு குறும்பும் செய்யும்: வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப நடுவிலேயே ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும். மச்சான்காரன் ஆசையாக எடுத்துக் கொடுத்த கிளிப்பில் பத்து நிமிடம் போனதும் உதடும் பேச்சும் பிரிவது இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். புது புராஜெக்ட் திறந்ததும் முதல் வேலையாக டைம்லைன் வேகத்தை 25 என்று வையுங்கள். ரிசால்வில் கிளிப்கள் ஏறிய பிறகு புராஜெக்ட் வேகத்தை மாற்ற விடாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குக்கு 25 ஃபிரேமும் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் ஒத்துப்போகும். 30இல், அறுபதில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்துவிட்டு மணப்பெண் முகத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடுகிறது என்று வராதீர்கள்.

மானிட்டரும் கொஞ்சம் ஏமாற்றும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃபிரேம் சமமாக உட்காராது. சில ஃபிரேம் இரண்டு துடிப்பு நிற்கும், சில மூன்று நிற்கும். விளக்கு பச்சையாக இருந்தும் நடுக்கம் தெரிந்தால், மானிட்டரில் 50 ஹெர்ட்ஸ் உண்டா என்று பாருங்கள்.

கடைசியாக வெயில். மீனம், மேடத்தில் இந்த ஊரில் மனுசனே திக்குகிறான். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துக்கொண்டு வெட்டினால் அடியில் காற்றுத் துளை அடைந்து, சூடேறி, அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பதினோராவது நிமிடம் நொண்டும் மெஷினுக்கு மருந்து ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் கொஞ்சம் தூசி தட்டலும்தான். பேட்டரியில் ஓடும்போதும் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜர் செருகியிருக்க வேண்டும். சாயங்கால இடிமழைக் காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பில் உட்காருவது தைரியம் ஆகாது. புராஜெக்ட் நடுவில் சாஃப்ட்வேர் அப்டேட் கேட்டால், கல்யாண வீட்டில் கடன் கேட்க வந்தவனை அனுப்புகிற மாதிரி அனுப்பிவிடுங்கள். முடிந்த பிறகு பார்க்கலாம்.

ஸ்டுடியோ முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை, யாராவது இதைப் படித்துக் காட்டினால். பையன் ராத்திரி பிராக்ஸி போட்டுவிட்டுக் காலையில் வருகிறேன் என்றால், வேலைக்குச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு ராத்திரி, பிறகு வரும் ஐந்து பகலை மிச்சப்படுத்தும். மெஷின் நொண்டுவதைப் பார்த்துப் பார்த்து, சீக்கிரம் எழுந்து போக வேண்டும் என்பதற்காகவே "இது போதும்" என்று வெட்டி முடிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். மலையாளப் படங்களில் பெரும்பாலானவை கோடம்பாக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1975இல் கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் வந்து, 1980 வாக்கில் திருவல்லம் மேட்டில் சித்ராஞ்சலி ஸ்டுடியோ எழுந்தது; 1988இல் தொடங்கிய சி-டிட் என்ற இமேஜிங் தொழில்நுட்ப மையமும் அதே மேட்டில்தான் இருக்கிறது. இந்த ஊரில் எடிட்டிங் அறை கிடைப்பதற்கே அவ்வளவு பாடு. இப்போது அந்த அறை ஒவ்வொரு பிள்ளையின் தோள் பையிலும் இருக்கிறது. அதற்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கிக் கொடுப்பதில் யாரும் போண்டியாகிவிட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குமேல் நான் கரமனை வீட்டில்தான் இருப்பேன். நொண்டும் மெஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து விசாரிப்போம். வாட்ஸ்அப்பில் வந்த கிளிப்பைக் கொண்டுவந்து காட்டாதீர்கள், கேமராவிலிருந்து வந்த மூல ஃபைல் வேண்டும். டிஸ்கோடு அதன் சொந்த கேபிளும் வரட்டும். என் வீட்டில் பிளக் பாயிண்ட் இரண்டே இரண்டுதான், எக்ஸ்டென்ஷன் இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். சார்ஜரை மறந்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
கரமனையிலிருந்து உங்கள் அண்ணன், ஒரு பழைய எடிட்டர்